காப்பி ஸ்டவுட் ருசி பார்ப்பது எப்படி: சேலம், ஏற்காட்டுக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

காப்பி சேர்த்த ஸ்டவுட்டை முதல்முறை குடிப்பவர் பெரும்பாலும் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்: "கசக்குது." அது தப்பில்லை. ஆனால் அந்தக் கருப்பு பீரில் கசப்பு மூன்று இடத்திலிருந்து வருகிறது. ஒன்று காப்பிக் கொட்டை, இரண்டாவது கருக வறுத்த பார்லி, மூன்றாவது ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூ. இந்த மூன்றையும் பிரிக்கத் தெரியாதவரை, கிளாஸில் இருப்பது நல்ல காப்பியா வெறும் கரியா என்று சொல்ல முடியாது. பிரிக்கப் பழக ஒரு வழிதான் உண்டு. பீரைத் தொடுவதற்கு முன் காப்பியைத் தனியாகவும் பார்லியைத் தனியாகவும் நாக்குக்குக் காட்டிவிட வேண்டும். சேர்வராயன் மலை அடிவாரத்தில் இருப்பவர்களுக்குக் கொட்டை தேடி அலைய வேண்டியதில்லை என்பது ஒரு வசதி.

முதலில், இது என்ன பீர்

டாஸ்மாக் அலமாரியில் 'ஸ்ட்ராங்' என்று எழுதியிருப்பது பெரும்பாலும் வெளிர் நிற லாகர்தான். அதில் ஸ்ட்ராங் என்பது போதையைக் குறிக்கும், ருசியை அல்ல. ஸ்டவுட் வேறு சாதி. மால்ட்டோடு (முளைகட்டி உலர்த்திய பார்லி) கருக வறுத்த பார்லியும் சேர்வதால் நிறம் கருப்பு, நுரை பழுப்பு. அதிலேயே கனமான இம்பீரியல் ஸ்டவுட்டில் ஆல்கஹால் 8 முதல் 12% வரை இருக்கும். 18ஆம் நூற்றாண்டில் லண்டனிலிருந்து ரஷ்ய அரசவைக்குக் கப்பலேறிய கனத்த கருப்பு பீரின் வழிவந்த பெயர் அது. காப்பி சேர்ந்தது மிகப் பிந்தியது. கனடாவின் பெஷே மொர்டெல் (9.5%), அமெரிக்காவின் ஃபவுண்டர்ஸ் பிரேக்ஃபாஸ்ட் ஸ்டவுட் (8.3%), டென்மார்க்கின் மிக்கெல்லர் பீர் கீக் பிரேக்ஃபாஸ்ட் (7.5%) ஆகியவை இந்த வகையில் பலரும் அளவுகோலாகச் சொல்லும் பெயர்கள்.

காப்பியை எப்போது சேர்த்தார்கள் என்பதைப் பொறுத்து ருசி மாறும். பீர் கொதிக்கும்போதே தூளைப் போட்டால் மணம் ஆவியோடு போய்விடும். நெடுநேரம் அடுப்பில் கிடந்த டிகாக்‌ஷன் போலத் தொண்டையைப் பிடிக்கும் கசப்புதான் மிஞ்சும். நொதித்து முடித்த பீரில் குளிர்ந்த நீரில் ஊறவைத்த காப்பிச் சாற்றைக் கலந்தால் மணமும் ருசியும் சமமாக இறங்கும். அரைக்காத முழுக்கொட்டையை ஒன்றிரண்டு நாள் ஊறவைத்து எடுத்துவிடுவது மூன்றாவது முறை. லிட்டருக்கு 3 முதல் 6 கிராம் போதும். மூக்குக்கு நிறைய காப்பி, நாக்குக்குக் கொஞ்சம்தான். மூன்றில் இதுதான் நேர்த்தியானது என்பது எங்கள் கட்சி. லேபிளில் முறையை எழுதியிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். எழுதியிராவிட்டால், கடைசியில் நீங்களே ஊகிக்கலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது தேதி. காப்பி சேர்க்காத இம்பீரியல் ஸ்டவுட்டை வருடக்கணக்கில் வைத்துக் குடிப்பார்கள். காப்பி சேர்த்ததில் அந்தப் பேச்சே கிடையாது. முதலில் ஓடிப்போவது காப்பி மணம்தான். அடைத்து மூன்று மாதத்துக்குள் இருந்தால் நல்லது, ஆறு மாதம் தாண்டியிருந்தால் அந்த விலை கொடுக்காதீர்கள். பழுப்புக் கண்ணாடி அல்லது கேன் எடுங்கள். பச்சை, வெள்ளைக் கண்ணாடியில் வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் கெட்டு ஒரு துர்நாற்றம் வரும்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். அனுமதி பெற்ற கடையில் வாங்குங்கள். 21 வயது ஆகியிருக்க வேண்டும். வெளிமாநில பாட்டிலை எடுத்துவரக் கட்டுப்பாடு உண்டு. தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு மதுவிலக்கை முதன்முதலில் அமல்படுத்திப் பார்த்த மாவட்டமே சேலம்தான். அந்த ஆண்டின் சட்டம் திருத்தங்களோடு இன்னும் உயிரோடு இருக்கிறது.

முந்தின நாள் வேலை

பாட்டில் ஏற்காட்டுக்குப் போவதாக இருந்தால் அது இருபது கொண்டை ஊசி வளைவு குலுங்கிப் போகும். பாட்டிலுக்குள் ஈஸ்ட் வண்டல் இருக்கும் ரகமென்றால் அத்தனையும் கலங்கிவிடும். போனதும் ஃபிரிட்ஜில் நிற்க வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். ஒரு முழு நாள் அசையாமல் நிற்கட்டும். வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் அரை நாள் கிடந்த பாட்டிலுக்கு எந்த ஓய்வும் உதவாது. அதன் கதை அங்கேயே முடிந்தது.

அடுத்தது குளிர்ச்சாறு, பின்னால் வரும் சிரிஞ்ச் சோதனைக்கு; அதைச் செய்யும் நாளுக்கு முந்தின நாள் போட்டால் போதும். காப்பித்தூள் கடையில் இப்படிக் கேளுங்கள்: சிக்கரி கலக்காத பிளாண்டேஷன் ஏ, நடுத்தர வறுவல், ரவைப் பதத்தில் அரைத்து, 100 கிராம். ஃபில்டர் தூள் பதத்தில் கொடுத்தால் வாங்க வேண்டாம், சாறு மண்டியாகிவிடும். 50 கிராம் தூளை 500 மில்லி தண்ணீரில் கலந்து, மூடி, ஃபிரிட்ஜில் 14 முதல் 16 மணி நேரம் வையுங்கள். முதலில் வெள்ளை வேட்டித் துணியில், பிறகு ஃபில்டர் பேப்பரில் வடிகட்டுங்கள். துணி புதிதாக இருந்தால் கஞ்சி வாடை இறங்கும், ஒருமுறை கொதிநீரில் போட்டு எடுத்த பிறகு பயன்படுத்துங்கள்.

மூன்றாவது வேலை பார்லி. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு காரியம் செய்ய நேரம் இருந்தால் இதைத்தான் செய்ய வேண்டும். மளிகைக் கடையில் கிடைக்கும் சாதாரணப் பார்லி 50 கிராம், கனமான இரும்பு வாணலி, நடுத்தரத் தீ, ஜன்னல் திறந்திருக்கட்டும். கரண்டி நிற்கக் கூடாது. நாலைந்து நிமிடத்தில் அரிசி பொரிக்கும் மணம் வரும். அதற்குப் பிறகு மணி செம்மையாகும், பிஸ்கெட் மணம் எழும். பத்து நிமிடம் தாண்டினால் காப்பி நிறம், லேசாகப் புகை. இங்கே ஒரு மணியை எடுத்து ஆறவிட்டுக் கடித்து உடையுங்கள். வெளியே கருப்பு, உள்ளே வெள்ளை என்றால் தீ அதிகம். அடுப்பைக் குறைத்து இன்னும் கொஞ்சம் வறுக்க வேண்டும். உள்ளும் கரும்பழுப்பாக இருந்தால் உடனே தாம்பாளத்தில் கொட்டிப் பரப்புங்கள். வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே கரியாகிவிடும். 10 கிராமைக் கொரகொரப்பாக நுணுக்கி 200 மில்லி வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டுங்கள். கருப்பாக ஒரு கஷாயம் கிடைக்கும். ஸ்டவுட்டின் முதுகெலும்பு அது.

காப்பியைத் தனியாக

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த செடி இன்றும் சில்வர் ஓக் நிழலில், மிளகுக்கொடிகளுக்கு நடுவே நிற்கிறது. பெரும்பாலும் அரபிகா, எஸ்.795 ரகம் நிறைய. நடுத்தரக் கனம், மென்மையான புளிப்பு. ஸ்டவுட்டோடு ஒப்பிட இது ரொம்பப் பொருத்தம், ஏனென்றால் எந்தப் பக்கமும் கத்தாத காப்பி.

ஆனால் ஒரு தடை இருக்கிறது: நம் நாக்கு. காலையும் மாலையும் சிக்கரி கலந்த ஃபில்டர் காப்பி குடித்துப் பழகியவருக்கு 'காப்பி ருசி' என்று மனதில் பதிந்திருப்பதில் கணிசமான பங்கு சிக்கரியுடையது. சிக்கரி என்பது வறுத்த வேர்; கருகிய சர்க்கரை, கரி, கனத்த கசப்பு. வறுத்த பார்லியின் ருசி அதற்கு மிக நெருக்கம். அதனால்தான் காப்பியே சேர்க்காத சாதாரண ஸ்டவுட்டைக் குடித்துவிட்டு "அட, காப்பி வாசம்!" என்கிறோம். உண்மையான அரபிகாவின் புளிப்பும் பழ மணமும் அதே பீரில் வரும்போது "இது என்ன, புளிச்சுப் போச்சா?" என்கிறோம். இந்தக் குழப்பம் தீராமல் பாட்டிலைத் திறப்பது வீண்.

ஆகவே பாலில்லாமல், சர்க்கரையில்லாமல், காப்பி வாரியக்காரர்கள் பார்ப்பது போல. 150 மில்லி பிடிக்கும் இரண்டு கண்ணாடி டம்ளர். ஒவ்வொன்றிலும் ரவைப் பதத் தூள் 8.25 கிராம், சமையலறைத் தராசில் 8 என்று காட்டினால் போதும். உலர்ந்த தூளை முகர்ந்துவிட்டு வெந்நீரை விளிம்பு வரை ஊற்றுங்கள்.

தண்ணீரின் சூடு 93 டிகிரி வேண்டும். இங்கே ஊர் குறுக்கே வருகிறது. சேலத்தில் தண்ணீர் ஏறக்குறைய 99 டிகிரியில் கொதிக்கும். அடுப்பை அணைத்து, மூடியைத் திறந்து, முக்கால் நிமிடம் பொறுக்க வேண்டும். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். அங்கே 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பொறுக்கவே வேண்டாம், இறக்கியதும் ஊற்றலாம். சேலத்தில் செய்த அதே கணக்கில் மலையில் காத்திருந்தால் தண்ணீர் ஆறிப்போய் காப்பி சப்பென்று இருக்கும், பழி கொட்டை மேல் விழும். போர் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள உப்பு காப்பியின் புளிப்பை விழுங்கிவிடும். மேட்டூர் தண்ணீர் நல்லது. ஆர்ஓ தண்ணீர் என்றால் அதில் கால் பங்கு மேட்டூர் தண்ணீரைக் கலந்துகொள்ளுங்கள்.

நான்கு நிமிடம் தொடாதீர்கள். மேலே தூள் ஆடை கட்டியிருக்கும். ஸ்பூனின் பின்பக்கத்தால் மூன்று முறை அந்த ஆடையைத் தள்ளி உடையுங்கள், அப்போது மூக்கு டம்ளருக்கு மேல் இருக்கட்டும். அந்த ஒரு வினாடியில் எழும் மணம்தான் நாளை பீரில் நீங்கள் தேடப் போவது. நுரையையும் மிதக்கும் தூளையும் வழித்தெடுத்துவிட்டு, ஊற்றியதிலிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆனதும் ஸ்பூனில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சுங்கள். பெரியவர்கள் திட்டினால் திட்டட்டும்; காற்றோடு சேர்ந்து தெறித்தால்தான் மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். சூடாக ஒருமுறை, வெதுவெதுப்பாக ஒருமுறை. இரண்டாவது டம்ளரை வடிகட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள். குளிர்ந்த காப்பியில் புளிப்பு முன்னே வரும், இனிப்பு பின்வாங்கும். பீரும் குளிர்ந்தே வருவதால் ஒப்பிட வேண்டியது சூடான காப்பியோடு அல்ல, இதோடுதான்.

இப்போது பார்லிக் கஷாயம் ஒரு வாய், குளிர்ந்த காப்பி ஒரு வாய். பார்லியின் கசப்பு வறண்டது. நாக்கின் நடுவில் உட்கார்ந்து, தோசைக்கல்லில் கருகிய ஓரம் போல நிற்கும். காப்பியின் கசப்பு கொஞ்சம் தாமதமாக வந்து, புளிப்போடு சேர்ந்து, மணத்தை விட்டுவிட்டுப் போகும். நாலைந்து தடவை மாற்றி மாற்றிக் குடித்தால் கண்ணை மூடிக்கொண்டும் சொல்லிவிடலாம். ஹாப்ஸ் கசப்புக்கு வீட்டில் சரியான மாதிரி இல்லை. இலைக்கசப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்; பாகற்காயின் பச்சைக் கசப்பு அதன் தூரத்துச் சொந்தம்.

கிளாஸ், இடம், குளிர்ச்சி

வாய் குறுகி வயிறு அகன்ற கிளாஸ் வேண்டும். ஒயின் கிளாஸ் போதும். எவர்சில்வர் டம்ளரில் நிறமும் தெரியாது, மணமும் நிற்காது. பாத்திரம் கழுவும் சோப்பின் மிச்சம் நுரையைக் கொல்லும். சமையல் சோடாவால் தேய்த்து, நன்றாக அலசி, துடைக்காமல் கவிழ்த்து வையுங்கள். ஊற்றிய பிறகு உள்சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

அறையில் ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்தி கூடாது. தலையில் மல்லிகைப் பூ வைத்திருப்பவர் அன்றைக்கு மட்டும் கழற்றி வைக்கட்டும். வெற்றிலை போட்டிருந்தால் இரண்டு மணி நேரம் கழித்து வாருங்கள். வாயைச் சுத்தம் செய்ய உப்பில்லாத பொரியும் தண்ணீரும்.

ஃபிரிட்ஜிலிருந்து வந்த 4 டிகிரியில் குடித்தால் கரியும் குளிரும் மட்டும் தெரியும். தொடக்கம் 9 டிகிரி, முடிவு 16 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சேலத்துச் சித்திரையில் பாட்டிலை வெளியே எடுத்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். ஏற்காட்டு மார்கழியில் அதே பாட்டிலுக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகும். ஊற்றிய பின் கிளாஸை இரண்டு கையாலும் அணைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

330 மில்லி பாட்டில் நான்கு பேருக்கு. தலைக்கு 60 மில்லி, ஆற்றிப் பார்க்க 30, மறுநாளைக்கு 40, வண்டலோடு அடியில் விட 20. கணக்கு சரியாக இருக்கும். ஒரே ஆள் முழு பாட்டிலையும் குடிப்பது ருசி பார்ப்பதில் சேராது. பாதிக்கு மேல் நாக்கு வேலையை நிறுத்திவிடும்.

மூக்கு

கிளாஸைச் சாய்த்து மெதுவாக ஊற்றி, கடைசியில் நிமிர்த்தி ஒரு விரல் நுரை எழுப்புங்கள். நுரை சீக்கிரம் அமுங்கினால் பதற வேண்டாம். ஆல்கஹால் அதிகம், காப்பியின் எண்ணெய் வேறு. இரண்டும் நுரைக்கு எதிரி. நிறத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். ஓரத்தில் மாதுளைச் சிவப்பு தெரியலாம், தெரியாமலும் போகலாம். அதில் பெரிதாக ஒன்றுமில்லை.

முக்கியமானது ஊற்றிய முதல் அரை நிமிடம். நுரை உடையும்போது மேலே வருவது காப்பி மணம்தான். அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தால் போய்விடும். முதலில் மூக்குக்கு ஒரு சாண் கீழே கிளாஸைக் குறுக்காக நகர்த்துங்கள். அந்தத் தூரத்திலும் காப்பி எட்டினால் பீர் புதுசு. பிறகு இரண்டு மூன்று குட்டி மூச்சு. பிறகு உள்ளங்கையால் கிளாஸை மூடி, சுழற்றி, திறந்து ஒரு நீண்ட மூச்சு. மூக்கு மரத்துப்போனால் உங்கள் சட்டைக் கையை முகருங்கள். காப்பிக் கொட்டையை முகரச் சொல்வார்கள். இன்றைக்கு அது கூடாது, தேடுவதே அதைத்தானே.

வாசனைக்குப் பெயர் வைக்க ஒரு தட்டு தயாராக இருந்தால் வாக்குவாதம் குறையும்: கருப்பட்டித் துண்டு, பேரீச்சை, உலர்திராட்சை, நாட்டு மருந்துக் கடை அதிமதுரம், இனிப்புக் குறைந்த சாக்லேட், ஒரு சொட்டு சோயா சாஸ். "என்னவோ இனிப்பா ஒரு வாசம்" என்று இழுப்பவர் கருப்பட்டியையும் பேரீச்சையையும் முகர்ந்துவிட்டு உடனே முடிவு சொல்லிவிடுவார். கருப்பட்டி என்றால் கருமையான மால்ட். பேரீச்சை, திராட்சை என்றால் நொதிப்பும் வயதும். அதிமதுரம் கனமான ஸ்டவுட்டுகளில் அடிக்கடி தட்டுப்படும்; அதைப் போட்டிருக்க வேண்டும் என்பதில்லை.

நாக்கு

முதல் வாய் கணக்கில்லை. அது வாயைப் பழக்க. இரண்டாவது வாயில் 10 மில்லி எடுத்து, ஐந்து நொடி நாக்கு முழுக்கப் பரவவிட்டு, விழுங்கி, வாயை மூடிக்கொண்டே மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். காப்பி திரும்ப வருவது அந்த மூச்சில்தான். காப்பியைத் துப்பலாம்; பீரில் விழுங்காமல் இந்தக் கடைசிப் பகுதி முழுதாகக் கிடைக்காது.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் மால்ட்டின் இனிப்பு. அடுத்து வறுவல், அதாவது உங்கள் வாணலிப் பார்லி. காப்பியின் புளிப்பு பக்கவாட்டில் வரும். விழுங்கிய பிறகு ஹாப்ஸின் இலைக்கசப்பு. எல்லாம் போன பின் ஆல்கஹாலின் சூடு நெஞ்சில். குழம்பினால் பார்லிக் கஷாயம் ஒரு ஸ்பூன், குளிர்ந்த காப்பி ஒரு ஸ்பூன், திரும்ப பீர். எது கூடுதலாகப் பேசுகிறது என்று அப்போது தெளிவாகும்.

கசப்பையும் துவர்ப்பையும் சேர்த்துக் கட்டாதீர்கள். தமிழில் இரண்டுக்கும் தனிச் சொல் இருக்கிறது. அந்த வசதி எல்லா மொழிக்காரருக்கும் வாய்க்கவில்லை. நாவல்பழம் தின்ற பின் நாக்கும் கன்னமும் இழுத்துப் பிடிக்குமே, அது துவர்ப்பு. ஸ்டவுட்டில் கொஞ்சம் இருக்கலாம். பொரி தின்றும் போகாமல் ஒட்டிக்கொண்டால் தூளைச் சூட்டில் வேகவைத்திருக்கிறார்கள், அல்லது காப்பி அளவுக்கு மேல் ஊறியிருக்கிறது.

ஆற்றிப் பார்ப்பது

ஒதுக்கி வைத்த 30 மில்லியை டம்ளர், டவராவில் ஊற்றி ஏழெட்டு முறை ஆற்றுங்கள். பீரை ஆற்றுவது பாவம் மாதிரித் தோன்றும், ஆனால் வாயு போனால் இனிப்பு வெளியே வந்துவிடும். வாயுவின் குத்தலும் புளிப்பும்தான் அதுவரை இனிப்பை மறைத்திருக்கும். ஆற்றியது கருப்பட்டிப் பாகு போலத் திகட்டினால், பீருக்குச் சர்க்கரை மிச்சம் அதிகம், கசப்பு போதவில்லை. ஆற்றிய பிறகும் குடிக்க முடிகிறதென்றால் காய்ச்சியவருக்குக் கை வந்திருக்கிறது.

எங்கே கெடும், ஏன்

காப்பி ஸ்டவுட்டுக்கே உரிய கோளாறு பச்சைக் குடைமிளகாய் வாடை. விதையோடு நறுக்கும்போது வருமே, அதே வாடை. காப்பியிலும் குடைமிளகாயிலும் பைரசின் வகைச் சேர்மம் ஒன்று பொதுவாக இருக்கிறது. வறுவல் இளசாக இருந்தாலோ, கொட்டை நெடுநாள் ஊறினாலோ, பாட்டிலில் வயசானாலோ மற்ற மணங்கள் அடங்கி இது தலைதூக்கும். கொஞ்சம் இருந்தால் சிலர் ரசிக்கிறார்கள். எங்களுக்கு அது பழுது.

நனைந்த அட்டைப்பெட்டி வாடை என்றால் காற்றும் வெயிலும் பட்டிருக்கிறது. சோயா சாஸ் வாடை வயதான ஸ்டவுட்டில் வரும், அடியில் செத்த ஈஸ்ட்டாலும் வரும். காப்பி மணம் இல்லாமல் இது மட்டும் இருந்தால் பாட்டில் பழையது. எண்ணெய்ச் சிக்கு வாடை காப்பி எண்ணெய் கெட்டதால். வெண்ணெய் போட்ட பாப்கார்ன் மணமும் பச்சை ஆப்பிள் மணமும் நொதிப்பு முடியுமுன் அவசரப்பட்டதன் அடையாளம். நகப்பூச்சு நெடியும் தொண்டை எரிச்சலும் நொதிப்பின்போது சூடு ஏறியதால். மூடியைத் திறந்ததும் பொங்கி வழிந்து, மோர் போலப் புளித்தால் கிருமி புகுந்துவிட்டது, கீழே கொட்டுங்கள். ஆனால் அரபிகாவின் எலுமிச்சைப் புளிப்பை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். குளிர்ந்த காப்பி டம்ளர் பக்கத்திலேயே இருக்கிறது, ஒரு வாய் குடித்துச் சரிபாருங்கள்.

சிரிஞ்ச் சோதனை

இதை வேறொரு நாளில் செய்யுங்கள். காப்பி சேர்க்காத ஸ்டவுட் ஒரு பாட்டில், முந்தின நாள் போட்ட குளிர்ச்சாறு, மருந்துக்கடையில் ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்ச். நான்கு கிளாஸில் 40 மில்லி வீதம் பீர். சாறு முறையே 0, 1, 2, 4 மில்லி. மீதிக்குத் தண்ணீர் விட்டு எல்லாவற்றிலும் 4 மில்லி சேர்ந்ததாக்குங்கள். இல்லாவிட்டால் நீர்த்த பீரைக் காப்பியின் குற்றமாக எழுதிவிடுவீர்கள்.

நம் சாறு பத்துக்கு ஒன்று என்ற கணக்கு. ஆகவே 2 மில்லி கிளாஸ் என்பது லிட்டருக்கு 5 கிராம் கொட்டைக்குச் சமம். பீர் காய்ச்சுபவர்கள் புழங்கும் அளவே அது. 1 மில்லியில் மூக்குக்கு மட்டும் ஏதோ தட்டுப்படும், 4 மில்லியில் ஸ்டவுட் ஒதுங்கிக் காப்பி முன்னே வந்து நிற்கும். உங்கள் எல்லை எதுவென்று குறித்துக்கொள்ளுங்கள்.

நிஜமாகவே பிரிக்க முடிகிறதா என்று பார்க்க, இன்னொருவரை மூன்று கிளாஸ் வைக்கச் சொல்லுங்கள்: இரண்டில் 0, ஒன்றில் 2 மில்லி. வேறுபட்டதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும். குருட்டாம்போக்கில் மூன்றில் ஒருமுறை சரியாகவரும் என்பதால் நான்கு சுற்று நடத்துங்கள். நான்கிலும் அதிர்ஷ்டத்தால் ஜெயிக்க 81இல் ஒரு வாய்ப்புதான்.

எழுதுவது

"சூப்பர்", "ஸ்மூத்" என்று எழுதி வைத்தால் அடுத்த மாதம் எதற்கும் உதவாது. ஒரு நல்ல குறிப்பு இப்படி இருக்கும்: "அடைத்து 7 வாரம். 10 டிகிரி. ஒரு சாண் தூரத்தில் காப்பி, ஆறேழு நிமிடத்தில் பாதியாகியது. கருப்பட்டி, லேசாக அதிமதுரம். நாக்கில் பார்லி முன்னே, காப்பி மூச்சில் மட்டும். துவர்ப்பு குறைவு. ஆற்றியதில் திகட்டல் இல்லை. முழுக்கொட்டை ஊறல் என்று ஊகம்." 16 டிகிரிக்கு வந்ததும் இன்னொரு வரி சேருங்கள், பல ஸ்டவுட் அங்கேதான் வாயைத் திறக்கும்.

தீனியும் திரும்பும் வழியும்

தட்டுவடை செட்டை முன்னால் வைத்துக்கொண்டு ஆரம்பிக்காதீர்கள். பூண்டும் மிளகாயும் நாக்கைக் கட்டிப்போடும். மிளகாய்க் காரத்தின் மேல் 10% ஆல்கஹால் பட்டால் எரிச்சல் இரட்டிக்கும். எழுதி முடித்த பிறகு தாராளமாக. ருசி பார்க்கும்போதே ஏதாவது வேண்டுமென்றால் உப்பு முந்திரி, கடலை மிட்டாய். மல்கோவா காலத்தில் மாம்பழத்தோடு ஒருமுறை முயலலாம், ஆனால் மாம்பழம்தான் ஜெயிக்கும்.

ஓட்டுநருக்குச் சட்டம் அனுமதிப்பது 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். 10% பீர் 330 மில்லி என்றால் சுமார் 26 கிராம் ஆல்கஹால். 65 கிலோ எடையுள்ளவர் தனியாகக் குடித்தால் அந்த வரம்பைத் தாராளமாகத் தாண்டுவார். 60 மில்லிதானே என்று மலைப்பாதையில் வண்டியை எடுக்கவும் வேண்டாம். காப்பி கலந்த பீர்தானே, தெளிவாக இருக்கிறோம் என்று தோன்றலாம். கை கால் வேகம் மட்டும் குறைந்திருக்கும். இரவு அங்கேயே தங்குங்கள்.

தங்கினால் எடுத்து வைத்த 40 மில்லிக்கும் வேலை உண்டு. அதைச் சின்ன டம்ளரில் ஊற்றி, மேலே தட்டு மூடி, ஃபிரிட்ஜுக்கு வெளியே விட்டுவிடுங்கள். காலையில் புதிதாகப் போட்ட கருப்புக் காப்பியை ஆறவிட்டு, அதன் பக்கத்தில் வைத்து முகர்ந்து பாருங்கள். வாயு போயிருக்கும், காப்பி மணமும் பெரும்பகுதி போயிருக்கும். அதன் பிறகும் "காப்பி வாசம் அடிக்கிறது" என்று தோன்றினால் வாணலியில் மிஞ்சிய பார்லியில் நாலு மணியை வாயில் போட்டு மெல்லுங்கள். பெரும்பாலும் அதுதான்.